பாம்பன் தீவின் நிலமும் நீரும் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேஸ்வரத்துக் கோயிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு விடை சொல்ல அந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கோயிலைத் தாங்கி நிற்கும் மணலையும், அதன் கிணறுகளில் ஊறும் நீரையும், தீவின் இரு பக்கங்களிலும் கிடக்கும் இரு வேறு கடல்களையும் பற்றிக் கேட்பவர்களுக்குத்தான் ஓரிடத்தில் விடை கிடைப்பதில்லை. அத்தகைய கேள்விகளில் திரும்பத் திரும்ப எழுபவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாம்பன் தீவு, இராமேஸ்வரம் தீவு என்று இரு பெயர்கள் வழங்குகின்றனவே, இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். தீவின் மேற்கு முனையில் உள்ள ஊர் பாம்பன். கிழக்கில் உள்ள நகரம் இராமேஸ்வரம். இவ்விரண்டுக்கும் இடையில் அக்காள்மடம், தங்கச்சிமடம் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இராமேஸ்வரத்துக்குத் தென்கிழக்கே நிலம் வாலைப்போல ஒடுங்கி நீண்டு, தனுஷ்கோடியைக் கடந்து அரிச்சல்முனையில் கடலுக்குள் மறைகிறது. பாம்பனிலிருந்து அந்த முனை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம் உண்டு. மொத்தப் பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெருநிலத்தில் உள்ள மண்டபத்திலிருந்து தீவைப் பிரிப்பது இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பாம்பன் கால்வாய். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட இரயில் பாலமும், 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட சாலைப் பாலமும், பழைய இரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமும் இந்தக் கால்வாயின் மேல்தான் கட்டப்பட்டன.

தீவு எதனால் ஆனது? அங்கே மலை என்று ஒன்றும் இல்லையா?

இல்லை. தீவிலேயே உயரமான இடமாகிய கந்தமாதன பர்வதம் பெயரளவில் மலையே தவிர, உண்மையில் அது காற்று குவித்த மணல்மேடு. தீவின் உடல் மணலும் பவளச் சுண்ணாம்பும் சேர்ந்தது. பாம்பனுக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட வடகரையில் நடந்தால், இறந்துபோன பவளப் பாறை கரையோடு கரையாகத் தலைநீட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். பவளம் நீருக்கு வெளியே வளர்வதில்லை. ஆகவே சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று உயர்ந்திருந்த காலத்தில் அந்தப் பவளம் வளர்ந்தது என்பதற்கும், பின்னர் நீர் இறங்கியபோது அது கரையேறி நின்றுவிட்டது என்பதற்கும் அந்தப் பாறையே சாட்சி. அதன் மேலும் அதைச் சுற்றியும் அலையும் காற்றும் மணலைக் கொண்டுவந்து சேர்த்தன. மேற்குப் பாதி ஓரளவு அகலமாகவும் உறுதியாகவும் இருப்பதற்கும், கிழக்கு வால் நிலையற்றுக் கிடப்பதற்கும் காரணம் இந்த வேறுபாடே: மேற்கில் அடியில் பாறை இருக்கிறது, கிழக்கில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் மணல்.

ஆண்கடல், பெண்கடல் என்று மீனவர்கள் சொல்வது எதை?

தீவுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். புராண வழக்கில் இவற்றுக்கு மகோததி, இரத்தினாகரம் என்ற பெயர்களும் உண்டு. பெண்கடல் ஆழம் குறைந்தது. சராசரியாக ஒன்பது மீட்டர் அளவே இருக்கும். அடியில் சேறும் கடற்புல்லும் படிந்த, பெரும்பாலான நாட்களில் குளத்தைப்போலக் கிடக்கும் கடல் அது. ஆண்கடலோ கரையை விட்டு விலக விலகச் சரிந்து ஆயிரம் மீட்டரையும் தாண்டிய ஆழத்துக்குப் போகிறது; இந்தியப் பெருங்கடலின் அலை எந்தத் தடையும் இல்லாமல் அதன் வழியே வந்து கரையில் மோதுகிறது.

இந்தப் பெயர்களைக் கேட்டு, ஒன்று எப்போதும் அமைதியானது, மற்றொன்று எப்போதும் கொந்தளிப்பது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தக் கடல் எப்போது அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது காற்று. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தென்கடல் கொந்தளிக்க, தீவின் மறைவில் வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்கிலிருந்து வாடை இறங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது: பெண்கடல் பொங்க, ஆண்கடல் தணிகிறது. நாட்டுப்படகு மீனவர்கள் பருவத்துக்கு ஏற்ப ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வலையோடும் படகோடும் இடம் மாறித் தொழில் செய்வது இதனால்தான். சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நிலத்தின் இரு பக்கங்களிலும் ஒரே நாளில் இரு வேறு வானிலையைக் காண்பது இந்தத் தீவின் மிகப் பெரிய சிறப்பு என்பது என் எண்ணம். கோயிலையும் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்காமல் போவது வருத்தமளிக்கிறது.

மழை எப்போது பெய்யும்? கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இங்கே ஏன் எட்டுவதில்லை?

ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில், வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. எஞ்சிய ஈரத்தோடு கடல்மேல் வரும் காற்றும் இந்தத் தீவில் மழையாவதற்கு வழியில்லை. ஈரக்காற்று மழையாக வேண்டுமானால் அது மேலெழுந்து குளிர வேண்டும், மேலெழுப்பும் மலை எதுவும் இங்கே கிடையாது. ஆகவே கச்சான் காலம் முழுவதும் தீவில் காற்று உண்டு, மணல் பறக்கும், மழைதான் இராது. எதிர்க்கரையில், இலங்கையில் உள்ள மன்னார்ப் பகுதியும் இதே காரணத்தால் வறண்டே கிடக்கிறது.

பெய்கிற மழையும் சீராகப் பெய்வதில்லை. வங்கக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளைப் பொறுத்தே அது அமைகிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு நாளில் இறங்கிவிட்டது என்று பொருள். வெப்பத்தைப் பொறுத்தவரை கடல் காப்பாற்றுகிறது: மதுரை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களிலும் பாம்பன் 35, 36 டிகிரி அளவில் நின்றுவிடுவது வழக்கம், ஆனால் இரவும் புழுக்கம் தணியாது.

சுற்றிலும் உப்புநீர் இருக்க, கிணறுகளில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடியவர்கள் அனைவருக்கும் இந்த வியப்பு எழுந்திருக்கும். தங்கச்சிமடத்துக்கு அருகே உள்ள வில்லூண்டி தீர்த்தத்தில், கடலுக்குள்ளேயே ஒரு கிணறு அமைந்து, அதில் குடிக்கத் தகுந்த நீர் ஊறுகிறது. இராமன் தன் வில்லை ஊன்றிச் சீதையின் தாகம் தீர்த்த இடம் என்று தலபுராணம் சொல்லும் அந்த ஊற்றை, நிலத்தடி நீர் படித்தவர்களும் அதே அளவு மதிப்போடுதான் பார்க்கிறார்கள்.

மணலில் விழும் மழைநீர் ஓடை ஓடாமல் நேரே கீழே இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்ததாகையால் அதோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருக்கும் இந்த நன்னீர்ப் படலம், கண்ணாடி வில்லையைப் போன்ற வடிவம் கொண்டது. இரு நீர்களின் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்க முடியும். இங்கே நிலமே தாழ்ந்தது என்பதால், கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அதற்கேற்பப் படலமும் மெலிந்ததே. விளிம்பில் அந்த நன்னீர் கடலை நோக்கிக் கசிந்து வெளியேறும் இடங்களில்தான் வில்லூண்டி போன்ற ஊற்றுகள் பிறக்கின்றன.

இதே கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும் என்பதைத் தீவில் ஆழ்துளைக் கிணறு போட நினைப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மோட்டார் வைத்து நீர்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், கீழிருந்து உப்புநீர் நாற்பது சாண் மேலேறப் பார்க்கும். தனுஷ்கோடி மணலில் வாழும் மீனவப் பெண்கள் இதை வழிவழியாக அறிந்தவர்கள்: மணலைக் கையால் சில அடி தோண்டி, ஊறும் நீரைக் கொட்டாங்கச்சியால் மெல்ல மெல்ல முகந்து குடத்தை நிரப்புவார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பதும், அவசரப்பட்டு இறைத்தால் ஊற்று கெட்டுவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் வந்து குவியும் பயணிகளின் தேவைக்கு இந்த மெல்லிய படலம் ஈடுகொடுக்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் கடல் தாண்டித் தீவுக்குக் கொண்டுவரப்படுவது அதனால்தான்.

1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி மட்டும் ஏன் அப்படி அழிந்தது?

அந்தமானுக்குத் தெற்கே பிறந்த அந்தப் புயல், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் அத்தகைய வலிமை பெற்ற அரிதான புயல்களில் ஒன்று. இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22 இரவு அது தீவின் மேல் இறங்கியது. காற்றைவிடக் கூடுதலாக உயிர் குடித்தது நீர். பெண்கடலின் ஆழமின்மை மற்ற நாட்களில் மீனவருக்கு வரம். புயல் நாளில் அதுவே கேடாயிற்று. ஆழமான கடலில் காற்று தள்ளும் நீர் அடிவழியாகத் திரும்பிச் செல்ல இடம் உண்டு. ஆழமற்ற விரிகுடாவில் அந்த வழி அடைபட்டுப்போவதால் நீர் குவிந்து உயர்ந்து கரையேறுகிறது. கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே, இரு கடல்களுக்கு நடுவே ஒரு மணல் நாடாவாகக் கிடந்த ஊரால் அதைத் தாங்க முடியவில்லை.

இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறை என்று உயிர்ப்போடு இருந்த துறைமுக ஊர் ஓரிரவில் இல்லாமல் போயிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணி இரயில் ஊரை நெருங்கும் வேளையில் அலையில் அகப்பட்டு, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து இறந்தவர்கள் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கணக்கிடப்பட்டது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்திரங்களைக் கடல் பெயர்த்தெறிந்தது, பொறியாளர் இ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு அத்தகைய சீரமைப்பு கிடைக்கவில்லை. அது மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

இப்போது அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதே, அங்கே மீண்டும் ஊர் அமைக்கலாமே?

2017இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை பயணிகளுக்கு வசதியானது. மீனவக் குடும்பங்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வழி திறந்தது. ஆனால் 1964இல் அங்கே இருந்த நிலத்தின் உயரமும் அகலமும் இன்றும் ஏறத்தாழ அவையே. காற்றுக்கேற்ப அரிச்சல்முனையின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. கச்சான் ஒரு பக்கம் மணலை அரித்து மறுபக்கம் சேர்க்க, வாடை அதைத் திருப்பித் தள்ளுகிறது. பெயர்த்துக் கட்ட இலகுவான ஓலைக் குடிசைகளில் மீனவர்கள் வாழ்வது வறுமையால் மட்டும் அன்று, அந்த மண்ணை அறிந்த அறிவாலும் என்று நான் கருதுகிறேன். அதே மணலில் காங்கிரீட் விடுதிகள் எழுப்ப வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அச்சம் உண்டாகிறது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள திட்டுகள் நிலமா, பாறையா?

இராமர் சேது, ஆதாம் பாலம் என்ற பெயர்களால் அறியப்படும் அந்தத் தொடரில் கண்ணுக்குத் தெரிபவை மணல் திட்டுகள். மீனவர்கள் அவற்றைத் தீடை என்றும் சொல்வார்கள். ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணிட்டு வழங்கும் இவற்றின் நடுவே இந்திய–இலங்கைக் கடல் எல்லை செல்கிறது. இஸ்ரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளைக் கொண்டு 2024இல் வெளியிட்ட வரைபடம், இந்தத் தொடர் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள, தொடர்ச்சியான, மிக ஆழமற்ற கடலடி மேடு என்றும், அதில் மிகச் சிறிய பகுதியே நீருக்கு மேல் தெரிகிறது என்றும் காட்டியது. மேட்டை ஊடறுக்கும் குறுகிய கால்வாய்கள் வழியாக இரு கடல்களும் நீரைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆளில்லாத அந்தத் திட்டுகளில் ஆலா என்னும் கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

இந்த மணலில் என்ன வளரும்?

பனையும் உடைமரமும் தீவின் முகம். குடை விரித்தாற்போல் தட்டையான தலை கொண்ட உடைமரம், ஓயாத காற்றையும் உப்புத் துளியையும் பொறுத்துக்கொள்ளும். கடலை ஒட்டிய வெறும் மணலில் முதலில் காலூன்றுபவை அடும்பும் இராவணன் மீசையும். சங்கப் பாடல்கள் நெய்தல் நிலத்துக்கு அடையாளமாகக் காட்டும் அதே அடும்புக்கொடிதான், குதிரைக்குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாக இன்றும் தனுஷ்கோடிச் சாலையோரத்தில் படர்ந்து கிடக்கிறது. இராவணன் மீசை முள் போன்ற இலைகளைக் கொண்ட புல். அதன் காய்ந்த விதைக்கொத்து பந்துபோலக் காற்றில் உருண்டு ஓடி, நின்ற இடத்தில் முளைக்கும். இவ்விரண்டும் மணலைப் பிடித்து நிறுத்தாவிட்டால் சாலை ஓராண்டும் தாங்காது; ஆகவே படம் எடுப்பதற்காக வண்டியை மணல்மேட்டில் ஏற்றுகிறவர்கள் எதை நசுக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். சதுப்புப் பகுதிகளில் கண்டல் மரங்கள் உண்டு. சவுக்கும் சீமைக் கருவேலமும் பின்னால் வந்தவை.

கடலுக்குள் பவளமும் கடல்பசுவும் உண்மையில் இருக்கின்றனவா?

இருக்கின்றன, முன்போல இல்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக உள்ள 21 தீவுகளையும் சூழ்ந்து பவளப் பார்கள் வளர்ந்துள்ளன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பாம்பனுக்குத் தெற்கே தெரியும் குருசடைத் தீவு, உயிரியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடம் கற்ற இடம். சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களில் அந்தப் பவளக் கற்களை இன்றும் காணலாம். வெட்டியதன் விளைவாக அலைத்தடுப்பு இழந்த இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீரில் மூழ்கிவிட்டன. வெட்டுவது நின்றபின் கடலின் சூடு புதிய கேடாக வந்தது: 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் நீர் அளவுமீறிச் சூடாகவே, பவளங்கள் தம் உடலுக்குள் வாழ்ந்து உணவூட்டிய நுண்பாசிகளை இழந்து வெளுத்தன.

கடல்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பாலூட்டியான இந்த விலங்கு கடற்புல்லை மட்டுமே மேய்வதால், ஆழமற்ற பெண்கடல் அதற்கு மேய்ச்சல் நிலம். ஒரு தாய் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியை ஈனும். ஆகவே வலையில் சிக்கி ஒன்று இறந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலமாகும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் இந்தக் கரைகளில் பலர் உண்டு. தன் வலையை இழந்து ஓர் உயிரைக் காத்தவரின் செயலுக்கு எந்தப் பரிசும் ஈடாகாது.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அது பவளத்துக்குக் கேடில்லையா?

மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை மூழ்கிப் பறிப்பது பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்களின் நெடுநாள் தொழில். பாறையைச் சுரண்டாமல் கையால் கிள்ளி எடுப்பது என்றும், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்றும் அவர்களே தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். பவளத்துக்கு உண்மையான தொல்லை தந்தது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மிதவைகளில் வளர்த்த கப்பாஃபைகஸ் பாசி. அது தப்பிச் சென்று குருசடைத் தீவின் பவளத்தின்மேல் போர்வைபோலப் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பூநாரைகளை எப்போது, எங்கே பார்க்கலாம்?

மழைக்காலம் ஓய்ந்து, கோதண்டராமர் கோயிலை அடுத்த காயலில் நீர் முழங்கால் அளவுக்கு வற்றும் பின்பனிக் காலத்தில் பார்க்கலாம். தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடித்து நுண்ணுயிர்களை உண்ணும் இப்பறவைக்கு நீர் மிகுந்தாலும் ஆகாது, வற்றினாலும் ஆகாது. ஆகவே வரவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் ஏறத்தாழ 524 ஹெக்டேர் பரப்பு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொலைவில் நின்று பார்ப்பதே முறை.

தனுஷ்கோடியில் கடலில் குளிக்கலாமா?

கூடாது. இரு கடல்களின் நீரோட்டமும் சந்திக்கும் முனை அது. கரையை ஒட்டியே ஆழமும் சுழலும் உண்டு.

கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளை எடுத்துச் செல்லலாமா?

கூடாது. 2001 முதல் பவளங்களும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. செத்துக் கரையொதுங்கிய துண்டுதானே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் துண்டு அலையில் உருண்டு, தேய்ந்து, பொடிந்து மணலாகிறது. தீவின் கரையில் நாம் மிதித்து நடக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததே. கடைகளில் யாரேனும் விற்றாலும் வாங்காதீர்கள். வாங்கி வைத்திருப்பதும் அதே சட்டப்படி குற்றம்.